நான்காம் மாடி, ஒரு லிஃப்ட், 68 படிகள்: சேன்த் மரியில் வாடகை வீடு

கேள்வி, 9 பிப்ரவரி 2024

காரைக்காலிலிருந்து வருகிற ஜூலையில், இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஒரு பகுதியாக இருக்கும் ரெயூனியன் தீவுக்குக் குடிவரவிருக்கிறோம். மனைவிக்குத் தலைநகர் சேன் தெனியில் வேலை. தாயாருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. சேன் தெனிக்குள் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பக்கத்து ஊரான சேன்த் மரியில், போஸெஜூர் பக்கம் தேடுகிறோம். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் நான்காம் மாடி ஒன்றும், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி ஒன்றும் ஏறக்குறைய ஒரே வாடகைக்கு வந்திருக்கின்றன. எதை எடுப்பது?

10 பிப்ரவரி 2024

லிஃப்ட் உள்ளதை எடுங்கள். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் அதே போஸெஜூரில் நான்காம் மாடியில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. காய்கறிப் பையோடு தனியாகக் கீழே போய்த் தனியாக மேலே வருகிறார். போன மாதம் 15ஆம் தேதி பெலால் புயல் தீவைத் தாக்கியபோதுகூட எங்கள் கட்டடத்தில் மறுநாளே லிஃப்ட் ஓடியது. லிஃப்ட் இருக்கும் இடத்தில் மாடி எண் வெறும் எண்தான். உயரப் போகப் போகக் காற்று கூடும், கொசு குறையும், கடலும் தெரியும்.

11 பிப்ரவரி 2024

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். எடுங்கள் என்று சொன்னால் போதாது, எதைப் பார்த்து எடுப்பது என்றும் சொல்ல வேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது தரகு அலுவலகத்துப் பெண் உங்களை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே மேலே அழைத்துப் போவார். அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கேபினுக்குள் பொத்தான்களுக்கு அருகே இருக்கும் உலோகத் தகட்டைப் படியுங்கள். 630 கிலோ, 8 பேர் என்றிருந்தால் நல்லது. அந்த அளவுள்ள கேபின் 1.10 மீட்டர் அகலமும் 1.40 மீட்டர் ஆழமும் உடையது, சக்கர நாற்காலி உள்ளே போகும். 320 கிலோ, 4 பேர் என்றிருந்தால் நாற்காலி போகாது. தாயாருக்கு இன்று நாற்காலி தேவையில்லை என்று நீங்கள் நினைக்கலாம். மூன்றாண்டு ஒப்பந்தம் போடப் போகிறீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கதவைக் கவனியுங்கள். எங்கள் லிஃப்டின் கதவு மூடும்போது கடைசி ஒரு சாண் தூரத்தில் ஒருமுறை தயங்கும், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூடுவதுபோல் ஒரு சத்தத்தோடு சேரும். அது முதல் நாளிலிருந்தே இருந்தது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இறங்கும்போது படிக்கட்டு வழியாக இறங்குங்கள். விளக்கு எரிகிறதா, கைப்பிடி இரு பக்கமும் இருக்கிறதா, தளத்துக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். எங்களுடையதில் தளத்துக்கு 17, மொத்தம் 68.

17 பிப்ரவரி 2024

பணத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே வாடகைக்கு மேல் மாதந்தோறும் சார்ஜ் என்று ஒரு தொகை கட்ட வேண்டும். அது உத்தேசத் தொகைதான். ஆண்டுக்கு ஒருமுறை உண்மையான செலவோடு ஒப்பிட்டுக் கணக்குத் தீர்க்க வேண்டும். எந்தச் செலவை வீட்டுக்காரர் வாடகைதாரரிடம் வாங்கலாம் என்பதற்கு 1987 ஆகஸ்ட் 26ஆம் தேதிய அரசாணை ஒன்று பட்டியல் போட்டிருக்கிறது. லிஃப்டைப் பொறுத்தவரை மின்சாரம், வழக்கமான பராமரிப்பு வருகை, கிரீஸ், துணி, கேபின் விளக்கு, பொத்தான், ஃபியூஸ் போன்ற சில்லறைப் பொருட்கள் நம் தலையில் விழும். பெரிய பாகங்களை மாற்றுவதும் லிஃப்டையே புதிதாக்குவதும் வீட்டுக்காரரின் செலவு.

யார் எவ்வளவு என்பது தளத்தைப் பொறுத்தது. பல பேர் சேர்ந்து உடைமையாக வைத்திருக்கும் கட்டடங்களுக்கான 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, லிஃப்ட் போன்ற பொது வசதிகளின் செலவு ஒவ்வொரு வீட்டுக்கும் அதனால் எவ்வளவு பயன் என்ற கணக்கில் பிரிக்கப்படுகிறது. ஆகவே தரைத்தளத்துக்காரர் பெரும்பாலும் கட்டுவதில்லை, முதல் மாடிக்காரர் கொஞ்சம் கட்டுவார், நான்காம் மாடிக்காரர் நிறையக் கட்டுவார். நான் மாதம் 90 யூரோ சார்ஜ் கட்டுகிறேன். போன ஆண்டுக் கணக்கில் அதில் லிஃப்டுக்கு மட்டும் என் பங்கு 212 யூரோ ஆனது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியோடு ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்காமல் இந்தத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். முந்தைய ஆண்டின் சார்ஜ் கணக்கை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை.

3 மார்ச் 2024

திருத்தம். அட்வான்ஸ் இரண்டு மாதம் என்றது சாமான்களோடு விடப்படும் வீட்டுக்கு. வெறும் வீட்டுக்குச் சார்ஜ் நீங்கலாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. 1989 ஜூலை 6ஆம் தேதிய வாடகைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. சுட்டிக்காட்டிய அன்பருக்கு நன்றி. அவர் எழுதியிருந்த தொனி அவ்வளவு காரமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

3 மார்ச் 2024, இரவு

இன்னொருவர், அந்த இரண்டாம் மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வைக்காதது சட்டவிரோதம் என்று எழுதியிருக்கிறார். இல்லை. 2019 அக்டோபரிலிருந்து கட்டுமான அனுமதி கேட்கும் கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் மூன்று தளம் இருந்தால்தான் லிஃப்ட் கட்டாயம். அதற்கு முன்பு நான்கு தளம் வரை உயர்ந்தால்தான். ஆகவே மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீடுகள் இன்னும் தாராளமாகக் கிடைக்கும். விளம்பரத்தில் அவற்றுக்கு 'அமைதியான சிறு குடியிருப்பு' என்று பெயர்.

21 ஜூன் 2024

மூன்று மாதமாக இங்கே எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம், எங்கள் லிஃப்ட் நின்று இன்றோடு 26 நாள்.

தரைத்தளத்துக் கதவில் பழுப்பு நாடாவால் ஒட்டிய ஒரு தாள். 'இயங்கவில்லை' என்று ஒரு வரி. யார் எழுதியது, எப்போது சரியாகும், யாரைக் கேட்பது என்று எதுவும் இல்லை. இரண்டாம் வாரம் யாரோ அதன் கீழே பேனாவால் 'எங்களுக்கும் தெரிகிறது' என்று எழுதினார்கள். மூன்றாம் வாரம் தாள் ஈரத்தில் சுருண்டு கீழே விழுந்தது, மறுபடி ஒட்டினார்கள். அந்த ஒட்டும் வேலை ஒன்றுதான் உடனுக்குடன் நடந்தது.

யாரிடம் முறையிடுவது என்பதில் முதல் பத்து நாள் தவறான கதவைத் தட்டினேன். லிஃப்டைப் பராமரிக்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசினேன், அவர்கள் என்னிடம் பேசவே மறுத்தார்கள். கட்டட நிர்வாகிக்கு, இங்கே சேந்திக் என்பார்கள், மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. நான் அவர்களுக்கு யாரும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்பது சேந்திக். சேந்திக்கை அமர்த்தியிருப்பது வீட்டு உடைமையாளர்கள். என்னோடு ஒப்பந்தம் போட்டிருப்பது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். ஆகவே வீட்டுக்காரருக்குத்தான், அதுவும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில், எழுத வேண்டும். வாடகைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு வீட்டைப் பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்திருக்கும் கடமையை அவருக்குத்தான் விதிக்கிறது. அவர் சேந்திக்கை நெருக்க வேண்டும், சேந்திக் நிறுவனத்தை நெருக்க வேண்டும். கோயிலில் பிரசாதம் கை மாறி வருவதுபோல ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கித்தான் வரும்.

பழுது பெரிது என்றால் உடைமையாளர் கூட்டத்தில் வாக்கெடுத்துத்தான் செலவு செய்ய முடியும் என்று சேந்திக் சாக்குச் சொல்லக்கூடும். அவசர வேலைகளைக் கூட்டம் கூடாமலே சேந்திக் தொடங்கலாம் என்று அதே 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை. பாகம் பிரான்சிலிருந்து வர வேண்டும், 9,000 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் வருகிறது என்றார்கள்.

மறந்துவிடாதீர்கள்: 21 நாளுக்கு மேல் நின்றால் வாடகையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. குடிமைச் சட்டம், 1724ஆம் பிரிவு.

25 ஜூன் 2024

மேலே கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் வாடகையைக் குறைத்துவிட வேண்டாம். வீட்டுவசதி குறித்து இலவசமாக ஆலோசனை சொல்லும் 'அதில்' (ADIL) அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு வந்தேன். 1724ஆம் பிரிவு சொல்வது, பழுதுபார்க்கும் வேலை 21 நாளுக்கு மேல் நீண்டு, அதனால் வீட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாமல் போனால் அதற்கேற்ப வாடகை குறையும் என்பது. பாகம் வரவில்லை என்று ஒரு லிஃப்ட் சும்மா நிற்பது 'வேலை நடக்கிறது' என்பதில் அடங்குமா என்பது வாதத்துக்குரிய விஷயம். எப்படியானாலும் நாமே கணக்குப் போட்டு வாடகையை நிறுத்தினால் பாக்கிக்காரர் ஆகிவிடுவோம், வழக்கு நம் மேல் திரும்பும். பேசி வாங்க வேண்டும். முடியாவிட்டால் சமரசக் குழு, பிறகு நீதிமன்றம்.

என் வீட்டுக்காரர் பேசியதில் ஒரு மாத லிஃப்ட் சார்ஜைத் தள்ளுபடி செய்தார். சுமார் 18 யூரோ. 30 நாள் மாமியார் கீழே இறங்கவில்லை என்பதற்கு ஈடாக.

28 ஜூன் 2024

ஓடுகிறது.

14 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் வந்து சேர்ந்துவிட்டதாகவும் நான்காம் மாடியையே எடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டு எடுத்ததாக நன்றி வேறு சொல்லியிருக்கிறார். ஜூன் மாதக் குறிப்புகளை அவர் படித்தாரா என்று தெரியவில்லை. கட்டடம் புதியது, லிஃப்டும் புதியது. நன்றாக இருக்கட்டும்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, முறுக்கும் அதிரசமும் நிறைத்த தூக்கை எடுத்துக்கொண்டு முதல் மாடி வீட்டுக்குக் கொடுக்க இறங்கினேன். மூன்றாம் மாடியில் ஒரு மல்பார் அம்மா (தமிழ் வழிவந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஏறிக்கொண்டார். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.

சொல்ல வேண்டியது இதுதான். மணிப் பொத்தானைத் தட்டினால் போதாது, சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் ஒரு குரல் வரும், அந்தக் குரல் பிரான்சிலிருந்து பேசும், முதல் கேள்வியே 'லிஃப்டின் எண் என்ன' என்பதாக இருக்கும். அந்த எண் பொத்தான்களுக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அன்றுதான் அது கண்ணில் பட்டது. சிக்கியவரை விடுவிக்க இரவு பகல் எந்நேரமும் ஆள் அனுப்புவது பராமரிப்பு ஒப்பந்தத்தில் கட்டாயம். கதவை நெம்பித் திறந்து இறங்க முயலவே கூடாது. பாதித் தளத்தில் நிற்கும் கேபினுக்கு அடியில் திறந்த குழி இருக்கிறது.

50 நிமிடம் ஆனது. அந்த அம்மாவின் முன்னோர் தமிழ் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவருக்குக் கிரியோலும் பிரெஞ்சும்தான் தெரியும், தமிழ் பஜனைப் பாட்டுகளில் மட்டும் நாவில் இருக்கிறது. முறுக்கைப் பார்த்ததும் பெயரைச் சரியாகச் சொன்னார். தூக்கில் பாதி காலியானது. முதல் மாடி வீட்டுக்கு மறுநாள் வேறு கொடுத்தேன்.

3 நவம்பர் 2024

பராமரிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டவருக்கு: அதிகபட்சம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடங்களைச் சோதிக்க வேண்டும். கேபின் வேகமாகச் சரியத் தொடங்கினால் பிடித்து நிறுத்தும் கருவியை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொழில்நுட்பச் சோதனை. 2003 ஜூலைச் சட்டமும் அதன்பின் வந்த அரசாணையும் இவற்றை வகுத்தன. பிரான்சில் லிஃப்ட் விபத்துகளில் உயிர்கள் போனபின் வந்த சட்டம் அது. வருகைகளை எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் மூலமாக அதைக் கேட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் எழுதிய குறிப்பில் இதை முதலாவதாக வைத்திருக்க வேண்டும், தகட்டையும் கதவையும் பிறகு.

12 பிப்ரவரி 2025

நேற்றுத் தைப்பூசம். அந்த மூன்றாம் மாடி அம்மாவின் மகன் காவடியை வீட்டிலேயே கட்டியிருந்தார். பூவும் மயில் தோகையும் வைத்து, வளைவாக, அழகாக. லிஃப்டின் கதவு 80 சென்டிமீட்டர், காவடி அதைவிட ஒரு முழம் அகலம். கட்டும்போது யாரும் அளக்கவில்லை. 51 படி இறங்கி எடுத்துப் போனார், நான்கு பேர் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ள. முருகனுக்குப் படி புதிதா என்ன என்றார் மாமியார். அவர் லிஃப்டில் இறங்கிக் கீழே காத்திருந்தார்.

4 மார்ச் 2025

இப்போதுதான் இணையம் வந்தது.

கராஞ்ஸ் புயல் 28 பிப்ரவரி காலை தீவின் வடக்கைத் தாக்கியது. நாங்கள் வடக்கில்தான் இருக்கிறோம். காற்று ஓய்ந்தபின் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கைபேசியில் கோடு இல்லை. லிஃப்ட் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் மாடி என்றால் என்ன என்று இந்த நான்கு நாளில் தெரிந்துகொண்டேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஆறு கொண்ட கட்டு ஒன்பது கிலோ. ஒரு நாளைக்கு எங்களுக்கு இரண்டு கட்டு, கழிவறைக்குத் தனியாக வாளிகள். எரிவாயு சனிக்கிழமை தீர்ந்தது. 12.5 கிலோ எரிவாயு உள்ள உருளை, இரும்போடு சேர்த்தால் அதன் இருமடங்குக்கு அருகில். என் கணவர் அதைத் தோளில் வைத்து ஏறினார், ஒவ்வொரு தளத்திலும் இறக்கி வைத்தார், மூன்றாம் தளத்தில் அந்த அம்மாவின் மகன் வாங்கிக்கொண்டார். காவடி தூக்கிய அதே தோள். மாமியார் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, முறிந்து கிடந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். கடல் தெரிகிறது என்று நான் போன ஆண்டு பெருமையாக எழுதிய அதே ஜன்னல்.

10 பிப்ரவரி 2024 அன்று 'மாடி எண் வெறும் எண்தான்' என்று எழுதியவள் நான். அந்த வரியை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் அது தவறு. பெலாலின்போது மறுநாளே லிஃப்ட் ஓடியது எங்கள் அதிர்ஷ்டம். அதை நான் கட்டடத்தின் தரம் என்று எடுத்துக்கொண்டேன்.

9 மார்ச் 2025

மின்சாரம் வந்து மூன்று நாள் ஆகிறது, லிஃப்ட் வரவில்லை. குழியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் கேபினை மேல் தளம் ஒன்றில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும், அப்போதுதான் குழியில் நீர் புகுந்தாலும் கேபின் தப்பும். எங்கள் கட்டடத்தில் யாரும் செய்யவில்லை. கேபின் தரைத்தளத்தில் நின்றது. யார் செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிவப்பு எச்சரிக்கைக்கு முன் லிஃப்டை நிறுத்துவது யார் பொறுப்பு?

இன்னொன்று. கேபினிலிருக்கும் அவசரத் தொலைபேசி பல கட்டடங்களில் இப்போது கைபேசி வலையமைப்பு வழியாகப் போகிறது. பழைய கம்பி இணைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வலையமைப்பு விழுந்த நாளில் மின்சாரம் விட்டு விட்டு வந்தால், உள்ளே போனவர் அழுத்தும் மணி யாருக்கும் கேட்காது. ஆகவே புயலுக்குப் பிறகு, கைபேசியில் கோடு வரும்வரை, லிஃப்ட் ஓடினாலும் ஏற வேண்டாம். தீபாவளி 50 நிமிடத்தை நினைத்துச் சொல்கிறேன்.

19 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் 19 நாளாகக் கீழே இறங்கவில்லை. கட்டடம் புதியது, லிஃப்டும் புதியது, குழியும் புதிதாக நிறைந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

20 ஏப்ரல் 2025

போன ஆண்டின் சார்ஜ் கணக்கு வந்தது. லிஃப்ட் என்ற தலைப்பில் வழக்கமான 200 சொச்சத்தோடு 64 யூரோ கூடுதல். விவரம் கேட்டேன். கணக்குத் தீர்க்கும்போது எந்தச் செலவு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும், கணக்கு அனுப்பியபின் ஆறு மாதம் வரை ரசீதுகளைப் பார்க்க விட வேண்டும். ரசீதைப் பார்த்தால், ஜூனில் கப்பலில் வந்த அந்தப் பாகம்: இழுவை வடங்கள். ஒரு மாதத்துக்கு மேல் படியேறியதற்கு நாங்களே பணமும் கட்டியிருக்கிறோம். 1987 அரசாணையின் பட்டியலில் வடங்களைச் சோதிப்பது நம் செலவு, மாற்றுவது இல்லை. பட்டியலின் படியெடுத்து அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடிட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் 64 யூரோ திரும்பி வந்தது, மன்னிப்பு வரவில்லை. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, யாரும் படித்துப் பார்க்காமல் கூட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் பழைய கணக்குகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

22 ஏப்ரல் 2025

'மூன்று வாரத்தில்' என்று எழுதியதைப் பார்த்து, 20ஆம் தேதி வந்த கணக்குக்கு 20ஆம் தேதியே எப்படிப் பணம் திரும்பியது என்று ஒருவர் கேட்கிறார். கணக்கு வந்தது மார்ச் கடைசியில். எழுதியது ஏப்ரல் 20இல். கணித ஆசிரியராக இருப்பார் போலும்.

6 ஜூலை 2025

நாங்கள் வீடு மாறுகிறோம். போஸெஜூரிலேயே, இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு.

மாமியாரின் முழங்காலுக்கு மருத்துவச் சான்று காட்டினால் மூன்று மாத முன்னறிவிப்பை ஒரு மாதமாகக் குறைக்கலாமே என்று இங்கே ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். சட்டம் வாடகைதாரரின் உடல்நிலையைத்தான் சொல்கிறது. மாமியாரின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே மூன்று மாதம் கட்டுகிறேன். பெரியவர்களை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க முடியுமா என்று முன்பே கேட்டுப் பாருங்கள்.

புது வீட்டைப் பார்க்கப் போனபோது தரகு அலுவலகப் பெண் லிஃப்டைக் கூப்பிடப் பொத்தானை அழுத்தினார். மாமியார் நிற்கவில்லை, கையில் பையோடு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். முதல் தளத்தில் உட்காரவில்லை, சுவரில் கை வைத்து நின்றார். இரண்டாம் தளத்துக்கு வந்ததும் 32 என்றார். இங்கே தளத்துக்கு 16. பிறகு லிஃப்டில் இறங்கினோம். கதவு தயங்காமல் மூடியது. தகட்டின் எண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

முதல் கேள்விக்கு இன்று என்னிடம் இருக்கும் பதில்: லிஃப்ட் உள்ள கட்டடத்தில், லிஃப்ட் இல்லாவிட்டாலும் உங்கள் தாயார் ஏறக்கூடிய மாடி. அப்படி ஒன்று கிடைக்காமல் நீங்கள் கேட்ட அந்த இரண்டுதான் கிடைத்தது என்றால் இரண்டாம் மாடியை எடுத்திருக்க வேண்டும். அன்று அதற்கு நேர்மாறாகச் சொன்னேன். மன்னிக்கவும்.

8 ஜூலை 2025

அவர் பதில் எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டாண்டு மிச்சம் இருக்கிறது, முன்னறிவிப்புக் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், நாங்கள் இப்போது குடிபோகும் கட்டடத்திலேயே தரைத்தளம் ஒன்று காலியாக இருப்பதைப் போய்ப் பார்த்தும் வந்தாராம். தாயாருக்கு விருப்பமில்லை. 19 நாள் இறங்காமல் இருந்தபோது விடியற்காலையில் லெ போர் துறைமுகத்துப் பக்கம் போகும் கப்பல்களைப் பார்த்துப் பழகிவிட்டாராம். தரைத்தளத்து ஜன்னலில் கார் நிறுத்துமிடம்தான் தெரிகிறது என்கிறாராம்.